சிக்கிக்கொண்ட தோட்டா: பழி யாருடையது?

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் ரப்பர்த் தோட்டங்களின் தோற்றமே மாறியது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, துரை பங்களாவின் முன் மணல் மூட்டை, நுழைவாயிலில் துப்பாக்கி ஏந்திய சிறப்புக் காவலர் என்று நாடு முழுதும் வந்த மாற்றம் மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களையும் விடவில்லை. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டதிலிருந்து பால் வெட்டும் கத்தியையும் பால் வாளியையும் மட்டுமே கருவியாக அறிந்திருந்த தமிழ்த் தொழிலாளிக்கு, லீ-என்ஃபீல்டு, ஸ்டென், எம்1 கார்பைன் ஆகியவை அன்றாடக் காட்சிப் பொருள்களாயின. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளிடமும் ஸ்டென்கள் இருந்தன. 1945-இல் ஜப்பானியருக்கு எதிராக நேச நாட்டு விமானங்கள் இறக்கித் தந்தவற்றில் சில, போர் முடிந்தபின் ஒப்படைக்கப்படாமல் மண்ணுக்குள் போய் மீண்டும் வெளிவந்தவை. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே மழை. பல நேரம் ஒரே ஆயுதம்.

அந்த ஆயுதங்களோடு ஒரு பழைய கேள்வியும் வந்தது. விசையை அழுத்தும்போது அடுத்த தோட்டா அறைக்குள் ஏறாமலோ, சுட்ட கூடு வெளியே வராமலோ துப்பாக்கி நின்றுபோனால் பழி யாருடையது? சுட்டவனா, தோட்டாவா, தோட்டா அறையா, தோட்டாப் பெட்டியா, அல்லது அதை வாங்கிக் கொடுத்த அலுவலகமா? கடந்த நூறாண்டுக்கு மேலாக இதற்குத் தரப்பட்ட விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது பெருங்குற்றம். ஆகவே செய்முறைகளையோ பழுதுபார்க்கும் முறைகளையோ தேடுவோருக்கு இங்கே ஒன்றும் இல்லை. விவாதத்தின் வரலாறே இதன் பொருள்.

ஏறுவதும் இறங்குவதும்

தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி ஒவ்வொரு சுடுதலிலும் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும். சுட்ட கூட்டைக் கொக்கியால் பற்றி இழுத்து வெளியே எறிவது ஒன்று. பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை உந்தி அறைக்குள் செலுத்துவது மற்றொன்று. இரண்டும் ஒரு நொடியின் சிறு பின்னத்துக்குள், வெடித்த மருந்தின் வாயுவிலிருந்தோ பின்னுதையிலிருந்தோ கடன் வாங்கிய ஆற்றலால் நடக்கின்றன.

பித்தளைக் கூட்டின் நடத்தைதான் இங்கே முக்கியம். மருந்து எரியும்போது கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி விடுபடுகிறது. சுவர் அரித்துச் சொரசொரப்பாக இருந்தாலோ, அழுத்தம் தணியும் முன்பே கொக்கி இழுத்தாலோ, கூடு வராது. கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு தான் மட்டும் பின்னால் வரும். வெளியேற்றக் கோளாறு என்பதன் சாரம் இதுதான். ஏற்றக் கோளாறின் சாரம் வேறு: பெட்டியின் வாயில் தோட்டா எந்தக் கோணத்தில் நிற்கிறது, சுருள்வில் அதைப் போதிய வேகத்தில் மேலே தள்ளுகிறதா என்பது. இரண்டையும் ஒரே பெயரால் ‘ஜாம்’ என்று அழைத்ததே விவாதத்தின் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று சொல்லலாம்.

முதல் விடை: சுட்டவன் துடைக்கவில்லை

எந்தப் படையிலும் முதலில் வரும் விடை இது. தோற்றம் எளிது. 19-ஆம் நூற்றாண்டின் கரும்மருந்து உண்மையிலேயே குழலைப் புகையும் கசடுமாக அடைத்தது. துடைக்காதவன் துப்பாக்கி நின்றது. புகையில்லா மருந்து வந்தபின்னும் அந்தப் பழக்கம் அதிகாரிகளின் மனத்தில் நிலைத்துவிட்டது.

இதன் அண்மைக் கால உதாரணங்கள் நமக்கு நெருக்கமானவை. இந்தியாவின் இன்சாஸ் ரைஃபிள் இஷாப்பூர், கான்பூர், திருச்சிராப்பள்ளி ஆயுதத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது. 2005 ஆகஸ்டில் மாவோயிஸ்டுகளுடனான ஒரு மோதலில் 43 வீரர்களை இழந்த நேபாள இராணுவம், இன்சாஸ் நீண்ட சண்டையைத் தாங்கவில்லை என்று வெளிப்படையாகவே குறை கூறியது. இந்தியத் தரப்பு, துப்பாக்கி முறையாகக் கையாளப்படாமல் இருந்திருக்கலாம் என்று பதிலளித்துப் பயிற்சி தர முன்வந்தது. பிரிட்டனிலும் இதே காட்சி. 1985-இல் ஏற்கப்பட்ட எஸ்.ஏ.80 ரைஃபிளின் கோளாறுகளைச் சரிசெய்ய 2000-இல் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனத்திடம் ஏறத்தாழ 9 கோடி 20 லட்சம் பவுண்டு மதிப்பில் வேலை ஒப்படைக்கப்பட்டது. திருத்திய துப்பாக்கியைப் பற்றி 2002-இல் ஆப்கானிஸ்தானிலிருந்து மீண்டும் புகார் வந்தபோது, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு பராமரிப்பு முறையையே சுட்டிக்காட்டியது.

இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பலவீனம் பெரிது: எந்தக் கோளாற்றுக்கும் பொருந்தும் விடை எதையும் விளக்காது. நாள்தோறும் துடைத்தும் தோட்டா சிக்கிய வீரனை இது என்ன செய்யும்? அவன் இறந்துவிட்டால் அவனிடம் கேட்கவும் முடியாது. விசாரணை தொடங்கும் இடமாக இதை ஏற்கலாம். விசாரணை முடியும் இடமாக இது ஆக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அநீதி நிகழ்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

இரண்டாம் விடை: தோட்டாவும் அறையும் ஒத்துப்போகவில்லை

இந்த நிலைப்பாட்டின் தாய்க் கதை கனடாவின் ராஸ் ரைஃபிள். சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்த அத்துப்பாக்கி இலக்குச் சுடும் போட்டிகளில் பேர்பெற்றது. 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் சேறும் வேகமான சுடுதலும் சேர்ந்தபோது, கூடுகள் அறைக்குள் இறுகிக்கொண்டன. வீரர்கள் அறையை மூடும் போல்ட்டைக் காலால் உதைத்துத் திறக்க நேர்ந்தது. போரில் பிழைத்த ஏறத்தாழ 5,000 கனடியரில் 1,400-க்கும் மேற்பட்டோர் தங்கள் ரைஃபிளை எறிந்துவிட்டு, விழுந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தனர்.

பாதுகாப்பு அமைச்சர் சாம் ஹியூஸ் பிரிட்டிஷ் தோட்டாக்களைக் குறை சொன்னார். அவர் முழுக்கத் தவறாகவும் சொல்லவில்லை. போர்க்கால அவசரத்தில் வார்க்கப்பட்ட தோட்டாக்கள் அளவில் சீராக இல்லை. லீ-என்ஃபீல்டின் அறை சற்றுத் தளர்வானது. அந்த ஏற்றத்தாழ்வை விழுங்கிக்கொண்டது. ராஸின் அறை இறுக்கமானது, விழுங்கவில்லை. போதாததற்கு, போல்ட்டை நிறுத்தும் முட்டு பூட்டுப் பற்களில் ஒன்றை மோதி மோதிச் சிதைப்பதும் பின்னர் கண்டறியப்பட்டது. 1916-இல் ராஸ் விலக்கப்பட்டது. நுணுக்கத்துக்காக இறுக்கிய அளவே போரில் பகையாயிற்று. அதே காலத்தில் அதே தோட்டாவை உண்ட லீ-என்ஃபீல்டு முப்பதாண்டு கழித்தும் மலாயாத் தோட்டங்களில் காவல் நின்றது.

இதைவிட நுட்பமான வடிவில் அதே சண்டை எம்16-இல் திரும்பியது. அதன் தொடக்கத்தில் நம் நாட்டின் பெயர் இருக்கிறது. யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த, பின்னர் எம்16 ஆன ஏஆர்-15 ரைஃபிளின் உரிமையைக் கோல்ட் நிறுவனம் 1959-இல் வாங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் அதன் முதல் விற்பனை மலாயாக் கூட்டரசுக்கு நடந்தது, 25 துப்பாக்கிகள். 1962-இல் அமெரிக்கர்கள் ஏறத்தாழ 1,000 துப்பாக்கிகளைத் தென் வியட்நாமியப் படையினரிடம் தந்து சோதித்தபோது அறிக்கை மிகச் சாதகமாக வந்தது. ஆனால் 1966, 67-இல் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படைச் சிப்பாய்களும் அதே குடும்பத் துப்பாக்கியோடு வியட்நாமில் இறங்கியபோது கூடுகள் சிக்கின. குழலின் முன்வாயிலிருந்து கோலை நுழைத்துக் கூட்டைத் தட்டித் தள்ள வேண்டிய நிலையில் இறந்து கிடந்தவர்களைப் பற்றிய கடிதங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தை எட்டின.

இடையில் மாறியது என்ன? துப்பாக்கி சோதிக்கப்பட்ட காலத்து மருந்து டுபாண்ட் நிறுவனத்தின் ஐ.எம்.ஆர். வகை. 1964 வாக்கில் ஆலின் நிறுவனத்தின் உருண்டை மருந்துக்கு இராணுவம் மாறியது. இம்மருந்து வேறு விதமாக எரிந்து, வாயுத் துளையில் கூடுதல் அழுத்தம் தந்தது. அதனால் போல்ட் வேகமாகவும் முன்னதாகவும் திறந்தது. கூடு சுவரிலிருந்து விடுபடும் முன்பே கொக்கி இழுத்தது. மருந்தில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட் கசடாகப் படிந்தது. 1967 அக்டோபரில் வெளியான, அந்த நாடாளுமன்றத்தின் இக்கார்டு துணைக்குழுவின் அறிக்கை இம்மாற்றத்தை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக வைத்து இராணுவத்தைக் கடுமையாகக் கண்டித்தது. புதிய மருந்தில் துப்பாக்கி உரிய வேகத்தைத் தாண்டிச் சுடுகிறது என்பதால், ஒப்படைப்புச் சோதனையைப் பழைய மருந்துத் தோட்டாவில் நடத்தக் கோல்ட் நிறுவனத்துக்கு இடம் தரப்பட்டிருந்தது என்ற செய்தி இவற்றுள் மிகவும் வேதனையானது. தொழிற்சாலையில் ஒரு தோட்டா, களத்தில் இன்னொரு தோட்டா.

ஆயினும் மருந்துக் கோட்பாட்டை முழுவதுமாக ஏற்பதில் ஒரு தடை உண்டு. 1968-க்குப் பின்னும் உருண்டை மருந்து கைவிடப்படவில்லை. கசடு குறைந்த வடிவில் தொடர்ந்தது. அதே மருந்தோடு எம்16ஏ1 நன்றாகவே இயங்கியது; பின்னாளில் மலேசிய இராணுவத்தின் கையிலும் நெடுங்காலம் இருந்தது. மருந்து ஒன்றே குற்றவாளியானால் இது எப்படி?

மூன்றாம் விடை: ஈரம்

மலாக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருக்கும். விடியலில் பால் வெட்டப் போகிறவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தோட்டங்களில் பன்றி, குரங்கு விரட்ட உரிமத்தோடு வைத்திருந்த மடக்குத் துப்பாக்கிகளில் இந்த ஈரத்தின் வேலை நேரடியாகத் தெரிந்தது. 1960-இல் ரெமிங்டன் பிளாஸ்டிக் கூட்டை அறிமுகப்படுத்தும் முன், வேட்டைத் தோட்டாக்களின் கூடு அட்டையால் ஆனது. அட்டை ஈரம் குடித்து ஊதும். ஊதியது அறைக்குள் நுழையாது, சுட்டபின் எளிதில் வராது. இங்கே துப்பாக்கியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ரைஃபிளில் ஈரம் தாக்கும் இடம் வேறு. எஃகு அறையின் சுவர். கண்ணுக்குத் தெரியாத அரிப்புக் குழிகளில் பித்தளை விரிந்து பதியும். இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரிலேயே ஜப்பானியரின் 99-ஆம் வகை ரைஃபிளின் குழலுக்குள் குரோமியம் பூசப்பட்டிருந்தது. அமெரிக்கர்களின் எம்14-இலும் அப்பூச்சு உண்டு. எம்16-இன் தொடக்க வடிவங்களில் மட்டும் அது விடப்பட்டது. தானே சுத்தமாக இருக்கும் துப்பாக்கி என்ற பேச்சு பரவி, துடைக்கும் கருவிகளும் போதாமல் அனுப்பப்பட்டன. 1967-இல் அறைக்குக் குரோமியம் பூசத் தொடங்கியதும் வெளியேற்றக் கோளாறுகள் வெகுவாகத் தணிந்தன.

ஈரக் கோட்பாட்டின் எதிர்ச்சான்று 1962-இன் சோதனையே. அதே நாடு, அதே மழை, குரோமியம் பூசாத அறை. இருந்தும் துப்பாக்கி நிற்கவில்லை. ஈரம் தனியாகக் கொல்வதில்லை. பிறிதொரு பிழைக்காகக் காத்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். அந்த 1,000 துப்பாக்கிகள் புதியவை, அரிப்புக்கு நாள் போதவில்லை என்ற மறுப்பையும் தள்ளிவிட முடியாது.

நான்காம் விடை: பெட்டியைப் பாருங்கள்

இதுவரை சொன்னவை வெளியேற்றம் பற்றியவை. ஏற்றக் கோளாற்றில் ஆய்வாளரிடையே ஒப்புதல் அதிகம்: பெரும்பாலும் தோட்டாப் பெட்டிதான். ஸ்டென்னின் 32 தோட்டாப் பெட்டி ஜெர்மானிய மாதிரியைப் பின்பற்றியது. இரண்டு வரிசைகளாக ஏறும் தோட்டாக்கள் வாயருகே ஒரே வரிசையாக நெருங்கியாக வேண்டும். இரண்டு லயத்து ஆட்களை ஒரே நேரத்தில் ஒற்றைக் கதவு வழியே அனுப்புவதுபோல. அந்த இடத்தில் உராய்வு கூடும். வாயின் உதடு சற்றே வளைந்தாலும், மணல் நுழைந்தாலும் நின்றுவிடும். வீரர்கள் 28 அல்லது 30 மட்டுமே நிரப்பித் தப்பித்தார்கள்.

இந்தச் சிக்கலுக்கு வந்த விடைகளுள் மனத்தில் நிற்பது, வீட்டில் செய்யப்பட்ட ஒரு துப்பாக்கியிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் உல்லங்காங் ஊரைச் சேர்ந்த எவலின் ஓவன் என்ற இளைஞர் 1939-இல் தம் கைப்படச் செய்த ஒரு சிறு தானியங்கியை இராணுவத்திடம் காட்டினார், அவர்கள் ஏற்கவில்லை. சாக்கில் போட்டு வைத்திருந்த அதை, பக்கத்து வீட்டுக்காரரும் போர்ட் கெம்ப்ளா லைசாட் ஆலையின் மேலாளருமான வின்சென்ட் வார்டெல் 1940-இல் பார்த்தார். அதன்பின் ஆலைப் பொறியாளர்களின் கை பட்டு அது வேறு உருவம் எடுத்தது. பெட்டி மேலே, கூடு வெளியேறும் துளை கீழே. சுருள்வில்லுக்குத் தோட்டாவின் எடை துணை நின்றது. கீழே திறந்த துளை வழியே குப்பையும் விழுந்துவிட்டது. 1941 சோதனையில் சேற்றிலும் மணலிலும் ஸ்டென்னும் தாம்சனும் நின்றபோது ஓவன் சுட்டுக்கொண்டிருந்தது. பின்னர் அவசரகால மலாயாவின் காட்டிலும் ஆஸ்திரேலியர் அதைச் சுமந்தனர்.

ஆனால் கதையைத் தனி மனித மேதைமையாக மட்டும் சொல்வது பிழை. வீட்டில் பிறந்த மாதிரிக்கும் களத்தில் நின்ற ஓவனுக்கும் இடையே ஓர் எஃகு ஆலை, அளவுமானிகள், தொடர் சோதனைகள், திரும்பத் திரும்ப மாற்றிய பெட்டிகள் இருந்தன. கைவினைத் துப்பாக்கியின் பொதுக் குறை இங்கேதான் தெரிகிறது. ஒரு துண்டு மற்றொன்றோடு பொருந்தலாம். நூறாவது தோட்டாவும் முதல் தோட்டாவைப்போல் ஏற, எல்லாத் துண்டுகளும் ஒரே அளவுக்கு மீண்டும் மீண்டும் வர வேண்டும். போலந்து எதிர்ப்புப் படையினர் மறைவான பட்டறைகளில் செய்த பிளிஸ்காவிட்சாவும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் உழைத்தது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. ஜார்ஜ் பாட்செட் தம் ஸ்டெர்லிங் துப்பாக்கிக்கு வளைந்த பெட்டியும், தோட்டாவைத் தாங்கும் தட்டில் உருளைகளும் வைத்தார். உருளை சுழல உராய்வு குறைந்தது. 1953 முதல் அது ஸ்டென்னை மெல்ல ஓரங்கட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் மலாக்காவின் கடலோரப் பகுதி மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டு ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீங்கின. நல்ல பெட்டி வரும்போது மலாக்காக் கடலோரத்தில் அதற்கு வேலை குறைந்துவிட்டிருந்தது.

இன்சாஸிலும் பெட்டியே பலவீனமாகப் பேசப்பட்டது. 1999 கார்கில் குளிரில் அதன் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிகள் விரிசல் விட்டன. இருபது தோட்டாவின் இருப்பை வெளியிலிருந்தே காணலாம் என்ற வசதிக்காகத் தேர்ந்த பொருள், உறைகுளிரைத் தாங்கவில்லை.

ஐந்தாம் விடை: வாங்கியவர்கள்

1981-இல் ஜேம்ஸ் ஃபாலோஸ் எழுதிய கட்டுரை எம்16 விவாதத்தை வேறு தளத்துக்கு நகர்த்தியது. வெளியிலிருந்து வந்த துப்பாக்கியை இராணுவத்தின் பழைய ஆயுதத் துறை விரும்பவில்லை. தனக்கு வேண்டியபடி மாற்றிக் கெடுத்தது என்பது அவர் வாதம். 1984-இல் தாமஸ் மெக்நாஃபர் இதைச் சற்றுத் தணித்தார். தீய நோக்கைவிட, பல அலுவலகங்கள் தத்தம் பங்கை மட்டும் முடித்து முழுமையை எவரும் பார்க்காததே காரணம் என்ற திசையில் அவர் ஆய்வு செல்கிறது. சான்றுகள் மெக்நாஃபர் பக்கமே சாய்வதாகத் தோன்றுகிறது. மருந்தைத் தேர்ந்தவர் வேறு, குரோமியத்தை விட்டவர் வேறு, துடைக்கும் கருவியை எண்ணியவர் வேறு. ஒவ்வொரு முடிவும் தனியே பார்த்தால் தாங்கக்கூடியது. சேர்ந்து வந்தபோது தாங்கவில்லை.

இந்த விடையிலும் ஒரு குறை உண்டு. அலுவலகத்தைக் குற்றவாளியாக்கியபின் கொக்கியையும் சுவரையும் பார்க்கும் ஆர்வம் போய்விடுகிறது. ராஸின் போல்ட்டை நிறுத்தும் முட்டின் கோளாற்றை எந்த அரசியல் விசாரணையும் கண்டுபிடிக்கவில்லை. துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

தீராதவை

1966-க்கும் 1968-க்கும் இடையே எம்16-க்கு வந்த திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன: போல்ட்டின் வேகத்தைத் தணிக்கும் எடை கூடிய புதிய தாங்கி, குரோமிய அறை, கசடு குறைந்த மருந்து, துடைக்கும் கருவி, படக்கதை வடிவில் வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புக் கையேடு. கோளாறு குறைந்தது, ஆனால் எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரிக்க இயலாது. ஒவ்வொன்றாக மாற்றி அளக்கும் பொறுமைக்குப் போர் இடம் தரவில்லை. மருந்துக் கட்சியும் குரோமியக் கட்சியும் இன்றுவரை தத்தம் வழக்கை நடத்த முடிவது இதனால்தான்.

இதில் வியட்நாமை மட்டுமே பார்ப்பதை விட்டு இந்தப் பக்கம் திரும்பினால் பயன் இருக்கலாம். 1960-களின் நடுவில் இந்தோனேசிய மோதலின்போது பிரிட்டிஷ், கூர்க்காப் படையினர் போர்னியோக் காட்டில் ஏஆர்-15 குடும்பத் துப்பாக்கியைச் சுமந்தார்கள். மலாக்காவின் தெரெண்டாக் முகாமில் இருந்த 28-ஆம் காமன்வெல்த் படையணியின் கையில், வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கத் தக்க எல்1ஏ1 ரைஃபிள் இருந்தது. ஒரே அட்சரேகைப் பகுதி, ஒரே ஈரம், வெவ்வேறு துப்பாக்கி, வெவ்வேறு தோட்டாத் தொகுதி. அமெரிக்கர்களால் செய்ய முடியாமற்போன ஒப்பீட்டைக் கிட்டத்தட்டத் தானே அமைத்துத் தந்த சூழல் இது. அந்தப் படைகளின் பராமரிப்புப் பதிவேடுகளை எம்16 விவாதத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், ஈரத்தின் பங்கையாவது மற்றவற்றிலிருந்து ஓரளவு பிரித்தெடுக்கலாம். தோட்டா எந்த ஆண்டு, எந்தத் தொகுதியில் வார்க்கப்பட்டது என்ற குறிப்பும் அப்பதிவேடுகளில் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் மருந்தையும் மழையையும் பிரிக்க முடியாது.